சுகாதார நிர்வாகத்தில் கணிப்பொறி

ஓர் அரசாங்கம் தன் குடிமக்களின் உடல்நிலையைப் பற்றித் தகவல் சேகரிப்பது புதிதன்று. பிறப்பு, இறப்பு, கொள்ளை நோய், அம்மை குத்திக்கொண்டோர் தொகை ஆகியவற்றைப் பேரேடுகளில் எழுதி வைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம் நாட்டில் ஏற்பட்டுவிட்டது. பேரேட்டின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டதும், ஓராண்டு கழித்துத் தலைநகரை எட்டிய எண்கள் அன்றைக்கே அங்கு எட்டுவதும்தான் இன்றைய புதுமை. இப்புதுமையைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி சாதனத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை கோடிப் பேருக்குச் சுகாதார எண் வழங்கப்பட்டது, எத்தனை ஆஸ்பத்திரிகள் இணைக்கப்பட்டன, எத்தனை பதிவுகள் ஏற்றப்பட்டன என்று மேலே சென்ற தகவலின் கணக்கு ஒழுங்காக வைக்கப்படுகிறது. சென்ற தகவல் எந்த வீட்டிலிருந்து சென்றதோ அந்த வீட்டிற்குப் பயனாகத் திரும்பி வந்ததா என்ற கணக்கைக் காண்பது அரிது. சுகாதாரக் கொள்கையில் கணிப்பொறிக்கு உரிய இடம் யாது என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது கணக்கிலேயே விடை இருக்கிறது என்பது என் கருத்து. கொச்சி நகரின் ஒரு சிறு பகுதியை உரைகல்லாகக் கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

மட்டாஞ்சேரியைச் சேர்ந்த கொச்சங்காடி பழைய வாணிபத் தெரு. செம்புத் தகடு வேய்ந்ததனால் செம்பிட்ட பள்ளி என்று பெயர்பெற்ற பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. 1344ஆம் ஆண்டில் யூதர்கள் எழுப்பிய தொழுகைக்கூடம் ஒன்றும் ஒரு காலத்தில் அங்கே இருந்தது. இன்று கட்டடம் இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப் பள்ளியின் மதிலில் பதிக்கப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மராத்தி, தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகளும் நம் தமிழும் வழங்குகின்றன. கொச்சிக் கோட்டையை அடுத்த வெளி என்னுமிடத்திலுள்ள துணி வெளுக்கும் துறையில் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகக் கொணரப்பட்டவர்கள் என்று கூறுவர். இத்தனை மொழியினர் நெருங்கி வாழும் இடத்தில், ஒருவருடைய பெயரையும் நோயையும் பிழையின்றி எழுதிக்கொள்வதே பெரிய வேலை. ஆகவே சுகாதாரத் தகவல் திட்டம் எதையும் சோதித்துப் பார்க்க இதைவிடத் தக்க இடம் கிடைப்பது அரிது.

சுகாதாரத் தகவலைப் பெருமளவில் திரட்டும் முயற்சி கொச்சிக்குப் புதிதும் அன்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் டச்சுக் கம்பெனியின் மலபார்ப் பகுதித் தலைவராக இருந்த வான் ரீடு என்பவர், இந்நிலத்து மூலிகைகளையும் அவற்றின் குணங்களையும் திரட்டி ‘ஹோர்டுஸ் மலபாரிகுஸ்’ என்னும் நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக அது அச்சேறியது. எழுநூற்றுக்கு மேற்பட்ட தாவரங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் தம் குலத்தார் போற்றிவந்த ஓலைச்சுவடிகளில் இருந்ததை எடுத்துரைத்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி வைத்தியர் மூவரும் துணை நின்றனர். இந்நால்வரும் அளித்த சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே நூலின் முகப்பில் அச்சிடப்பட்டிருக்கின்றன. தகவல் தந்தவர்களின் பெயரையும் கையெழுத்தையும் மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மை பாராட்டுக்கு உரியது. இன்றைய புள்ளிவிவர அறிக்கைகள் பலவற்றில் அந்த அளவுகூடக் காண இயலாது.

ஆனால் நூல் எழுதப்பட்டது லத்தீன் மொழியில். ஐரோப்பியத் தாவர நூலாருக்கு அது பொக்கிஷமாயிற்று. லின்னேயஸ் அதனைப் பயன்படுத்தினார். இட்டி அச்சுதனின் ஊராருக்கோ அதன் ஒரு பக்கத்தையும் படிக்க வழியில்லை. கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் கா. சு. மணிலால் பல ஆண்டுகள் உழைத்து ஆக்கிய ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது. மலையாளப் பதிப்பு 2008இல் வந்தது. கொச்சியிலிருந்து புறப்பட்ட வைத்தியத் தகவல் கொச்சிக்காரர் படிக்கும் மொழியில் திரும்பி வர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வான் ரீடின் காலத்தில் அச்சும் கப்பலும் மட்டுமே இருந்தன. காலதாமதத்துக்குச் சமாதானம் கூறலாம். நமக்கு அந்தச் சமாதானம் இல்லை.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். கொச்சியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட நோய் ஒன்று உண்டு. யானைக்கால் நோயை ஆங்கிலேயர் ‘கொச்சிக் கால்’ என்று வழங்கும் அளவுக்கு அது இங்கே பரவியிருந்தது. தேங்கிய அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே நகரத்தில் இந்நோயின் தூதன். நோயாளியின் இரத்தத்தில் நுண்புழுக்கள் பகலில் பெரும்பாலும் தென்படுவதில்லை. கொசு கடிக்க வரும் இரவு நேரத்திலேயே அவை தோலை அடுத்த இரத்தக் குழாய்களுக்கு வருகின்றன. 1955இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் ஊழியர்கள் விளக்கும் கண்ணாடித் தகடுகளுமாக இரவில் வீடு வீடாகச் சென்று விரல் நுனியில் இரத்தம் எடுத்தது இதனாலேதான். பகல் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தம் எவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்டாலும் அது பொய்த் தகவலாகவே முடிந்திருக்கும். தகவலின் உண்மை, அது சேகரிக்கப்பட்ட இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. பதிவு செய்யும் யந்திரத்தைப் பொறுத்ததன்று.

இதே நோயின் பிற்காலக் கதை இன்னும் கூரிய பாடத்தைத் தருகிறது. 2004 முதல் நாட்டின் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை வழங்கும் முறை பரவலாகக் கையாளப்பட்டது. பின்னர் அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்க்கப்பட்டது. மொத்த மக்களில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேராவது ஆண்டுதோறும் மருந்தை உட்கொண்டால்தான் நோய்ப் பரவல் அறும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அறிக்கைகளில் இந்த எல்லை பலவிடங்களிலும் எளிதாகத் தாண்டப்பட்டது. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அறிக்கையில் எண்ணப்பட்டவை விநியோகிக்கப்பட்ட மாத்திரைகள். விழுங்கப்பட்ட மாத்திரைகள் அதைவிடக் குறைவு. உடம்பில் நோய்க்குறி ஏதும் இல்லாதவர் மாத்திரையை வாங்கி மேசை அறையில் போட்டுவைப்பது மனித இயல்பு. ஊழியரின் கண்முன்னே விழுங்கச் செய்ய வேண்டும் என்ற விதி இதனால் வற்புறுத்தப்பட்டது. இந்த எண்ணிக்கையைக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தவறான எண் தலைநகரை இன்னும் விரைவாக எட்டியிருக்கும். வண்ண வரைபடமாகவும் காட்சியளித்திருக்கும். நோயை நாட்டிலிருந்து ஒழிக்க 2015 என்றும், பிறகு 2017 என்றும் குறிக்கப்பட்ட கெடு இப்போது 2027க்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

கேரளத்தின் புகழ்பெற்ற சுகாதார முன்னேற்றமே கணிப்பொறிக்கு முற்பட்டது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்போரின் எண்ணிக்கை 1971இல் இந்தியா முழுவதற்கும் 129 ஆகவும், கேரளத்தில் 58 ஆகவும் இருந்தது. 1991இல் கேரளம் 16ஐ எட்டிவிட்டது. அப்போது தேசிய எண் 80. இந்த இருபது ஆண்டுகளில் ஒரு துணைச் சுகாதார நிலையத்திலும் கணிப்பொறி இருந்ததில்லை. படித்த தாய்மாரும், அருகிலிருந்த ஆஸ்பத்திரியும், தன் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நினைவிலும் வைத்திருந்த செவிலியுமே அதைச் சாதித்தனர். அந்த நோட்டுப் புத்தகத்தின் சிறப்பு என்னவென்றால், எழுதியவளே அதைப் படித்து, மறுநாள் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தாள். தகவல் மேலே போகுமுன்பே பயன்பட்டுவிட்டது.

அப்படியானால் கணிப்பொறி வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். வேண்டும், நோட்டுப் புத்தகத்தால் ஆகாத காரியங்கள் இன்று பெருகிவிட்டன. 1971இல் பிரசவமும் தொற்று நோயும் முதன்மையாக இருந்தன. இன்று கேரளத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் முதன்மை பெற்றுள்ளன. இவை முப்பது நாற்பது ஆண்டுகள் ஒருவருடன் கூடவே வாழும் நோய்கள். அக்காலத்தில் அவர் வீடு மாறுவார், ஆஸ்பத்திரி மாறுவார், அரசாங்க வைத்தியரிடமிருந்து தனியாரிடமும் மறுபடி அரசாங்க வைத்தியரிடமும் போவார். கொச்சங்காடியில் வசிக்கும் ஒருவர் கருவேலிப்படி தாலுகா ஆஸ்பத்திரிக்கும், காயலைக் கடந்து எறணாகுளம் பொது ஆஸ்பத்திரிக்கும், களமசேரி மருத்துவக் கல்லூரிக்கும் போகும்போது, ஒவ்வோரிடத்திலும் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்வது துன்பம் மாத்திரமன்று, ஆபத்தும்கூட. எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை அவர் மறந்திருக்கலாம். சொல்ல முடியாத நிலையிலும் இருக்கலாம்.

இன்னும் தெளிவான உதாரணம் லட்சத்தீவு. கவரத்தியிலோ மினிக்காயிலோ நோய் முற்றிய ஒருவர் மேல் சிகிச்சைக்குக் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ கொச்சிக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் அறிவிக்கப்பட்ட தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதிக்கப்பட்டது. அவற்றுள் லட்சத்தீவும் ஒன்று, நம் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27இல் அது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஒருவருக்குப் பதினான்கு இலக்கச் சுகாதார எண் வழங்கப்படும். பதிவுகள் அவை எழுதப்பட்ட ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நோயாளி இசைந்தால் இன்னொரு வைத்தியர் அவற்றைக் காணலாம். எல்லாவற்றையும் டில்லியில் ஒரே கிடங்கில் குவிக்காத இந்த அமைப்பு அறிவுடைமையானது. தீவிலிருந்து ஹெலிகாப்டர் புறப்படுமுன்பே நோயாளியின் வரலாறு கொச்சி வைத்தியரின் முன்னே இருக்குமானால், அதுவே இத்திட்டத்தின் உண்மையான வெற்றி. எண்ணிக்கை எத்தனை கோடி என்பது இரண்டாவது விஷயம்.

தகவல் திரும்பி வரும் முறைக்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் உள்ளன. காசநோயாளிகளைப் பதிவு செய்ய 2012இல் ஏற்பட்ட ‘நிக்ஷய்’ முறையை எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் அது மேலிடத்துக்குக் கணக்கனுப்பும் சாதனமாகவே இருந்தது. 2018 ஏப்ரலிலிருந்து, பதிவு பெற்ற நோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாய் உணவுக்காக அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தப்படலாயிற்று. 2024 நவம்பரில் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தாமதங்கள் உண்டு, வங்கிக் கணக்கில்லாத ஏழைகளின் சங்கடமும் உண்டு. ஆயினும் தன் பெயர் பதிவானதால் தனக்கு என்ன கிடைத்தது என்பதை நோயாளி கையில் தொட்டுப் பார்க்க முடிகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இக்குணம் உண்டு. பெயரைக் குறித்துக்கொண்டு போனவர் மாத்திரையுடன் திரும்பி வருகிறார்.

இவற்றோடு ஒப்பிட்டால், 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை தகவலைப் பற்றிப் பேசும் பகுதி வேறு தோரணையில் இருக்கிறது. மாவட்ட அளவில் மின்னணுத் தகவல் தொகுப்பு 2020க்குள், நோய்ப் பதிவேடுகள் 2020க்குள், தேசிய சுகாதாரத் தகவல் வலையமைப்பு 2025க்குள் என்று அது கெடுக்கள் விதித்தது. மூன்றும் அமைப்புகளைப் பற்றிய கெடுக்கள். ஒரு துணை நிலையத்துச் செவிலிக்கு அவள் அனுப்பிய தகவலின் பயன் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பதற்குக் கெடு ஒன்றும் இல்லை. வருங்காலக் கொள்கையில் சேர்க்க வேண்டிய வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நிற்க. பெயர்ச் சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். அலுவலகத்தில் அமர்ந்து திட்டம் தீட்டுவோர் இதை அற்பமாகக் கருதுவதுண்டு. தமிழர் ஒருவர் தந்தையின் முதலெழுத்தை முன்னே இட்டுச் சுப்பிரமணியன் என்று எழுதுகிறார். மலையாளத்தில் அது சுப்ரஹ்மண்யன். ஆங்கில எழுத்தில் ஒரு ஆஸ்பத்திரி ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் எழுதுகிறது. முதலெழுத்து சில வேளை முன்னே, சில வேளை பின்னே, சில வேளை அடியோடு மறைந்தும் போகிறது. கணிப்பொறிக்கு இவர் மூவர். நீரிழிவு ஒருவருக்கு, மருந்து ஒவ்வாமை மற்றொருவருக்கு, அறுவைச் சிகிச்சை மூன்றாமவருக்கு என்று ஒரே உடலின் வரலாறு மூன்றாகப் பிரிந்துவிடும். எழுத்து வேறுபட்டாலும் ஒலி ஒத்த பெயர்களை இனங்காண 1918இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் என்பவர் காப்புரிமை பெற்ற ‘சவுண்டெக்ஸ்’ என்னும் முறை இன்றும் பல மென்பொருள்களில் வழங்குகிறது. அது ஆங்கிலப் பெயர்களுக்காக ஆக்கப்பட்டது. குழலி என்ற பெயரின் ழகரத்தை ஒருவர் ‘இசட்-எச்’ என்று எழுதுகிறார். மற்றவர் ‘எல்’ என்று எழுதுகிறார். சவுண்டெக்ஸ் முறையில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு குறியெண் கிடைக்கும். நம் பெயர்களின் ஒலியமைப்பையொட்டிய பொருத்த முறை ஒன்றை ஆக்கிப் பொதுவுடைமையாக வழங்குவது நம் விஞ்ஞான ஸ்தாபனங்களுக்கு ஏற்ற பணி. சுகாதார எண் இச்சிக்கலை ஓரளவு தீர்க்கும். ஆனால் அந்த எண் கட்டாயமன்று என்பதே சட்ட நிலை. அது அவ்வாறே இருக்க வேண்டும். மயங்கிய நிலையில் வருபவர் எண்ணை ஒப்பிப்பதும் இல்லை.

மொழியைப் பற்றிய மற்றொரு குறை உண்டு. இது யந்திரத்தின் குறையன்று, நம் சோம்பலின் குறை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புபவர் கையில் பெறும் தாள் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஓர் இந்திய எழுத்தில் பதிந்ததை மற்றோர் இந்திய எழுத்தில் உடனே காட்டும் ‘இஸ்கி’ என்னும் குறியீட்டுத் தரத்தை நம் நாடு 1991லேயே வகுத்துவிட்டது. மருத்துவச் சொற்களுக்கு உலகப் பொதுவான குறியெண்களை வழங்கும் ‘ஸ்நோமெட்’ அமைப்பில் 2014இல் இந்தியா உறுப்பினராயிற்று. நோய்க்கு ஒரு குறியெண் இருக்கிறது. எழுத்துக்கும் வழி இருக்கிறது. ஆகையால் வைத்தியர் ஆங்கிலத்தில் பதிந்த நீரிழிவைக் கொச்சங்காடியின் குஜராத்திக்காரருக்குக் குஜராத்தியிலும், வெளியிலுள்ள சலவைத் தொழிலாளிக்குத் தமிழிலும் அச்சிட்டுத் தருவதற்கு விஞ்ஞானத் தடை ஏதும் இல்லை. நோட்டுப் புத்தகத்தால் ஒருபோதும் செய்ய முடியாததும் கணிப்பொறியால் எளிதில் செய்யக்கூடியதுமான காரியம் இது ஒன்றே எனலாம். இதைச் செய்யாமல் மற்றெல்லாம் செய்வது விந்தை.

இசைவு என்பதும் இதனோடு சேர்ந்தது. நோயாளியின் சம்மதம் இன்றிப் பதிவு வெளியே போகாது என்று திட்டம் கூறுகிறது. சம்மதம் எவ்வாறு பெறப்படுகிறது? கைபேசிக்கு ஒரு எண் வருகிறது; அதைச் சொல்ல வேண்டும். மூதாட்டி வரிசையில் நிற்கிறாள். பதிவான கைபேசி வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனுடையது. எண் அங்கே போகிறது. அவன் சொன்ன எண்ணைக் கொண்டு அவள் எதற்குச் சம்மதித்தாள் என்பது யாருக்குத் தெரியும்?

இது வெறும் ஊகக் கவலையன்று. கேரளம் இதைப் பொதுவெளியில் அனுபவித்தது. 2020இல் கொரோனாத் தொற்றின் தொடக்கத்தில், தனிமைப்படுத்தப்பட்டோரின் விவரங்களைத் தொகுக்க ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருளை மாநில அரசாங்கம் பயன்படுத்தியது. விவாதம் எழுந்து வழக்காயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 24இல் கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆளை இனங்காட்டும் குறிப்புகளை நீக்கிய பின்னரே கம்பெனிக்குத் தகவல் கிடைக்க வேண்டும்; தகவல் மூன்றாமவர் கைக்குப் போகக்கூடும் என்பதைக் கூறிக் குடிமக்களின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள். கொள்ளை நோயின் நடுவிலும் அந்தரங்கம் அந்தரங்கமே என்று அந்த உத்தரவு நிலைநாட்டியது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று தீர்ப்பளித்ததன் தொடர்ச்சி அது.

பின்னர் 2023இல் தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதில் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. ஒருவர் செருப்பு வாங்கிய விவரத்தையும், அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கும் விவரத்தையும் அச்சட்டம் வேறுபட்ட வகைகளாகப் பிரிக்கவில்லை. முந்தைய மசோதாக்களில் சுகாதாரத் தகவலுக்குத் தனி மதிப்பு இருந்தது. சுகாதாரத் தகவலுக்கென்றே 2018இல் வரையப்பட்ட தனி மசோதா சட்டமாகவில்லை. நெருக்கமாக வீடுகள் அமைந்த தெருவில் ஒரு குடும்பத்தின் நோய் வெளியானால், பெண்ணின் திருமணமும் ஆணின் வேலையும் பாதிக்கப்படும். இதை அறிந்த மக்கள் தகவல் தராமல் மறைப்பார்கள். அப்போது பழுதுபடுவது பொதுச் சுகாதாரமே.

பாதுகாப்பு என்பது சட்டத்தால் மட்டும் வருவதும் அன்று. 2022 நவம்பர் 23இல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் இருந்த தகவல் பூட்டப்பட்டுவிட்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த மாபெரும் ஆஸ்பத்திரி காகிதத்தையும் பேனாவையும் கொண்டு வேலை செய்தது. அங்கே அனுபவமிக்க ஊழியர்கள் இருந்தனர், சமாளித்தனர். காகிதமே அறியாத தலைமுறை ஒன்று பணியில் அமர்ந்தபின் இத்தகைய தாக்குதல் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நேர்ந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே பழக்கிவைப்பது நலம். ஆண்டுக்கு ஒரு நாள் யந்திரத்தை நிறுத்திவிட்டுக் காகிதத்தில் வேலை செய்து பார்க்கலாம். தீயணைப்பு ஒத்திகை போல இதுவும் ஓர் ஒத்திகை.

கொள்ளை நோய்க் கண்காணிப்பில் கணிப்பொறியின் இடத்தைப் பற்றியும் மிகையான நம்பிக்கை நிலவுகிறது. 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டில் நிபா தோன்றியபோது முதல் நோயாளி காரணம் அறியப்படாமலே இறந்தார். அதே குடும்பத்தில் அடுத்தவர் அதே குறிகளுடன் வந்தபோது, கவனித்த வைத்தியர்களுக்கு எழுந்த ஐயமே நோயைக் கண்டுபிடித்தது. 2019 ஜூனில் எறணாகுளம் மாவட்டத்தில் ஓர் இளைஞருக்கு அந்நோய் கண்டபோது, அவருடன் பழகிய முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பட்டியலிடப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். இளைஞர் பிழைத்தார், நோய் மற்றவருக்குப் பரவவில்லை. ஐயப்படுவது மனிதர் வேலை. ஐயம் எழுந்தபின் முந்நூறு பேரைத் தவறவிடாமல் நினைவில் வைப்பது யந்திரத்தின் வேலை. இந்த வரிசை மாறக்கூடாது.

எல்லாத் திட்டங்களின் பாரமும் இறுதியில் யார் தோளில் இறங்குகிறது என்று பார்த்தால், அது ஆஷா ஊழியரின் தோள். 2022இல் கேரளம் முப்பது வயது கடந்தவர்களின் வாழ்க்கைமுறை நோய்களைக் கணக்கெடுக்க ‘ஷைலி’ என்னும் செயலியை அறிமுகப்படுத்தியது. வீடு வீடாகச் சென்று அதில் விவரம் ஏற்றுபவர்கள் இவர்களே. 2025 பிப்ரவரியில் இவர்களுள் ஒரு பகுதியினர் 7,000 ரூபாய் மாதச் சன்மானத்தை 21,000 ஆக்கக் கோரித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டம் தொடங்கினர். அது பல மாதங்கள் நீடித்தது. சன்மானம் எவ்வளவு என்பது மாநில அரசாங்கத்துக்கும் மத்திய அரசாங்கத்துக்கும் இடையிலான வாதமாயிற்று. அதில் நான் தலையிட விரும்பவில்லை. ஒன்று மட்டும் கூறலாம். ஒரே குடும்பத்தின் விவரத்தை நான்கு திட்டங்களுக்காக நான்கு செயலிகளில் ஏற்றச் சொல்வது உழைப்பை வீணாக்குவது. களைத்த கை தவறாக எழுதும். அல்லது எழுத வேண்டியதை வீட்டில் அமர்ந்து ஊகித்து எழுதும். யானைக்கால் மாத்திரைக் கணக்கில் கண்ட பிழை புதிய உடையில் மறுபடி வரும். புதிய செயலி ஒன்றைப் புகுத்தும் அதிகாரி, பழைய செயலி ஒன்றை நீக்கிக் காட்டினாலன்றி அனுமதி பெறக்கூடாது என்று விதி செய்தால் நன்று.

இனி நிர்வாக விஷயம் ஒன்று. கொச்சிக் கோட்டை, மட்டாஞ்சேரி, எறணாகுளம் ஆகிய நகராட்சிகளை இணைத்து 1967 நவம்பரில் கொச்சி மாநகராட்சி ஏற்பட்டது. கேரளத்தின் அதிகாரப் பரவலாக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களும் தாலுகா ஆஸ்பத்திரிகளும் உள்ளாட்சிகளின் பொறுப்பில் விடப்பட்டன. ஆகவே கொச்சங்காடியின் சாக்கடைக்கும் கருவேலிப்படி ஆஸ்பத்திரியின் மராமத்துக்கும் பணம் ஒதுக்கும் இடம் மாநகராட்சி மன்றம். ஆனால் கொச்சங்காடியிலிருந்து புறப்படும் சுகாதாரத் தகவல் திருவனந்தபுரத்துக்கும் டில்லிக்கும் போகிறது. வரவு செலவுத் திட்டத்துக்குக் கை தூக்கும் வார்டு உறுப்பினரின் மேசைக்கு அது வரவேண்டும் என்ற நியதி இல்லை. கொசு எந்தத் தெருவில் பெருகுகிறது, இரத்த அழுத்த மாத்திரையை நடுவில் விட்டவர்கள் எத்தனை பேர், தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாம் தவணை தவறிய குழந்தைகள் எத்தனை என்ற மூன்று எண்கள், ஆளை இனங்காட்டும் குறிப்பு ஏதுமின்றி, வார்டு வாரியாக மாதம் ஒருமுறை ஒரே தாளில் வந்தால் போதும். ஒரு பிரதி மாநகராட்சி உறுப்பினருக்கு, ஒரு பிரதி சுகாதார நிலையத்துச் செவிலிக்கு, ஒரு பிரதி வார்டுக் கூட்டத்தில் மலையாளத்திலும் மற்ற மொழிகளிலும் படித்துக் காட்ட. இதற்குப் புதிய யந்திரம் வேண்டாம். மேலே ஏற்றிய தகவலை அதே யந்திரம் கீழே அச்சிட்டால் போதும். அடுத்த சுகாதாரக் கொள்கையை வகுப்போர் நாடு முழுவதற்கும் இதை விதியாக்குமுன், முதலாண்டுச் சோதனையை மட்டாஞ்சேரியிலேயே நடத்திப் பார்க்கலாம்.